பொன்ரியாக்குக்கு ஒரு தேங்காய்

அத்தியாயம் பதினான்கு

'கார் எடுத்தான்' என்று நம்மவர்கள் சொன்னால் அதற்குள் என்னென்னவோ அடங்கும். கடையில் புதிதாக வாங்கினாலும் எடுத்தான்தான். மச்சானிடம் பழசாக வாங்கினாலும் எடுத்தான்தான். குப்பையிலிருந்து பொறுக்கினாலும் எடுத்தான்தான் என்பது மட்டும் கோசலைக்கு அன்று தோன்றவில்லை.

"அம்மா, அமெரிக்கன் கார் ஒண்டு எடுத்தனான்" என்று மகன் பிரசாந்தன் போனில் சொன்னான். எப்படிப்பட்ட கார், என்ன நிலையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போனவள், முருங்கைக்காயை முறித்துப் பார்ப்பதற்குள் நாலு பேருக்குச் சொல்லிவிட்டாள். பின்னேரத்துக்குள் செய்தி ஆர்ஜொந்தெய் வரை போய்ச் சேர்ந்தது. அங்கேதான் மகள் மிருணாளினிக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை நிஷாந்தனின் வீடு.

போன வாரம் அந்தக் காரை அவள் நேரில் போய்ப் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். பழைய வாகனங்களை நசித்து இரும்பாக்குகிற காஸ் ஒன்றில், முட்செடிக்குள் பாதி மறைந்து கிடந்தது அது. கண்ணாடி இல்லை. பின் இருக்கையில் பாசி. "பொன்ரியாக் அம்மா, அந்தக் காலத்திலை இதின்ரை சத்தத்துக்கே சனம் திரும்பிப் பாக்குமாம்" என்றான் மகன். பெயரில் மட்டும்தான் பொன் இருந்தது, மற்றதெல்லாம் கறள் பிடித்த இரும்பு.

அதே இடத்தில் வைத்து அவன் இன்னொன்றையும் சொன்னான். கந்தோர் வேலையை விட்டாயிற்று. இப்போது வில்லியே லே பெல்லில் அலெக்சிஸ் என்கிற பிரெஞ்சுக்காரப் பொடியனின் கராஜில் பழைய கார்களுக்கு உயிர் கொடுக்கிறானாம்.

கோசலைக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அவள் லா தெஃபோன்ஸில் கந்தோர்கள் கூட்டித் துடைக்கிறவள். எத்தனையோ வருடமாக விடியும் முன்பே போய், மற்றவர்களின் மேசைக்குக் கீழே குனிந்து குப்பைக் கூடையை எடுத்திருக்கிறாள். அப்படிக் குனியும்போதெல்லாம், இந்த மாதிரி ஒரு கதிரையில் என்ரை பிள்ளை இருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். இருந்தான். பிறகு அவனே எழும்பி வந்துவிட்டான்.

கணவன் வாமதேவன், "அவன்ரை வாழ்க்கை, விடு" என்றுவிட்டு றெஸ்ரோறன்ற் குசினிக்கு வேலைக்குப் போய்விட்டார். கோசலையால் விட முடியவில்லை. சம்மந்தி வீட்டில் அவள் சொன்னதை மாற்றிச் சொல்லவும் இல்லை. மகன் லா தெஃபோன்ஸில் பெரிய கந்தோர், அமெரிக்கக் கார். அப்படியே இருக்கட்டும், கலியாணம் முடியட்டும் என்று இருந்தாள்.

இனி இந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

*

கலியாணக் கூறைச் சேலை எடுக்கிற நாள். லாச்சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்கிற தெருவின் மேல் முனையில், பூபாலசிங்கத்தின் புடவைக் கடை வாசலில் கோசலை காத்து நின்றாள். இருந்ததற்குள் நல்ல சேலை, கழுத்தில் பதக்கச் சங்கிலி, கூந்தலில் சாயம். மிருணாளினி வேலை முடித்து நேரே கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

சம்மந்தி கமலராணி மெத்ரோ நிலையப் படியேறி வந்தாள். குட்டையாக வெட்டிய தலைமயிர், காலில் சப்பாத்து, தோளில் ஒரு துணிப்பை. குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிற பெண். மாப்பிள்ளையின் தாய் என்று நெற்றியில் எழுதி ஒட்டினாலும் நம்ப மாட்டார்கள். அந்த எளிமையே கோசலைக்குப் பயமாக இருந்தது. ஒன்றும் காட்டாதவர்களிடம்தான் எல்லாம் இருக்கும் என்பது அவளுடைய எண்ணம்.

"கனநேரமா நிக்கிறியளோ?" என்றாள் கமலராணி.

"இல்லை இல்லை, இப்பதான் வந்தனான். வாங்கோ உள்ளுக்குப் போவம்."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஹோர்ன் சத்தம் எழும்பியது. அரிசி மூட்டை இறக்குகிற வான் ஒன்று குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால், தலையில் மஞ்சள் விளக்குச் சுழல, பழுதான வாகனம் ஏற்றுகிற லொறி. அதன் முதுகில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு நீளமான கார்.

ஒரு காலத்தில் பச்சை நிறமாக இருந்திருக்க வேண்டும். ஒரு கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது. சில்லுகளில் காற்று இல்லை. ஆனால் மூக்கில் பெரிய செவ்வந்தி மாலை, நெற்றியில் மூன்று குறி திருநீறு, நடுவே சந்தனப் பொட்டு.

தெருவே சிரித்தது. கறிக்கடையில் இருந்தும் நகைக்கடையில் இருந்தும் ஆட்கள் வெளியே வந்து போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"என்ன இது, சூரன் போரோ?" என்றாள் கமலராணி சிரித்துக்கொண்டு.

என்ன நடக்கிறது என்று கோசலைக்குத்தான் முதலில் விளங்கியது. எந்த வாகனம் எடுத்தாலும் முதலில் பிள்ளையாரிடம் கொண்டுபோக வேண்டும். தேசிக்காயைச் சில்லுக்குக் கீழே வைத்து நசிக்க வேண்டும். தேங்காய் உடைக்க வேண்டும். இதெல்லாம் பிரசாந்தனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவளேதான். அவனுடைய முதல் சைக்கிளைக் கூட உருட்டிக்கொண்டு போய்த் தேங்காய் உடைத்தவள் அவள். பிள்ளை தாய் சொல் தட்டவில்லை. உருளவே முடியாத காரை லொறியில் ஏற்றி, ஊரைச் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோகிறான்.

லொறியின் கதவு திறந்தது. பிரசாந்தன் குதித்து இறங்கினான். நீலக் கராஜ் உடுப்பு, முழங்கை வரை கறுப்பு எண்ணெய், கன்னத்திலும் ஒரு கீறு. இடது கக்கத்தில் உருண்டு போகாமல் தேங்காயை இடுக்கியிருந்தான். வான்காரனை நகர்த்தச் சொல்வதற்காக நடைபாதையில் ஏறி வந்தவன், சரியாகப் புடவைக் கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

தாயைக் கண்டான். முகம் முழுக்க மலர்ந்தது.

"அம்..." என்று வாயைத் திறந்தான்.

"தம்பி, கொஞ்சம் வழி விடுங்கோ" என்றாள் கோசலை. "நாங்கள் உள்ளுக்குப் போக வேணும்."

வீட்டில் பிரசாந்தனுக்குத் தம்பி என்றுதான் பெயர். மிருணாளினிக்குத் தம்பி, அதனால் தாய்க்கும் தகப்பனுக்கும் தம்பி. தெருவில் போகிற எந்த இளைஞனும் நமக்குத் தம்பிதான். ஆகவே அந்தச் சொல்லில் பிழை இல்லை. பிழையெல்லாம் அதற்குப் பின்னால் வந்த 'ங்கோ'வில் இருந்தது. பிறந்த நாளில் இருந்து அவனை 'நீ' என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது. மரியாதை கொடுத்தே பெற்ற பிள்ளையை அந்நியனாக்கிவிடலாம் என்று அவளே அன்றைக்குத்தான் அறிந்தாள்.

பிரசாந்தன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற கமலராணியைப் பார்த்தான். பாரிசில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் எழுதத் தெரியாதவன். ஆனாலும் அந்த 'ங்கோ' அவனுக்கு நன்றாகவே விளங்கிற்று.

"ஓம் அன்ரி" என்றான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பாத்துப் போங்கோ."

தேங்காயை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

கோசலை அவனைத் தாண்டி நடந்தாள். எண்ணெய் மணம் மூக்கில் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆரின்ரை பிள்ளையோ தெரியேல்லை" என்றாள் கமலராணி உள்ளே வந்ததும். "கோலம்தான் அப்பிடி. மரியாதையான பொடியன்."

*

பூபாலசிங்கம் கல்லாவில் இருந்து எல்லாவற்றையும் கண்ணாடி வழியே பார்த்திருந்தார். பிரசாந்தன் பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் சட்டை எடுத்ததே இந்தக் கடையில்தான். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் கோசலைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குத்திக் காட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

"அக்கா, தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று மட்டும் கேட்டார், வருத்தக்காரரிடம் கேட்கிற குரலில்.

வேண்டாம் என்று தலையாட்டினாள். அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கூறைகள் விரிந்தன. கமலராணி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "இது எப்பிடி?" என்று கேட்டாள். "நல்லாயிருக்கு" என்றாள் கோசலை. அடுத்ததற்கும் அதையே சொன்னாள். எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. வெளியே லொறி நகர்ந்து போகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தேயும் வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"தோழனுக்கும் இண்டைக்கே வேட்டி சால்வை எடுப்பம்" என்றாள் கமலராணி. "உங்கடை மகன்தானே தோழன்?"

"ஓம்" என்றாள் கோசலை.

கலியாண வீட்டில் யாரையும் மறைக்கலாம். குடிகாரப் பெரியப்பாவைப் பின்வரிசையில் வைக்கலாம், சண்டைக்காரச் சித்தியைப் பந்திப் பக்கம் அனுப்பலாம். மாப்பிள்ளைத் தோழனை மட்டும் மறைக்க முடியாது. பெண்ணின் தம்பிதான் வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கைபிடித்து மணவறைக்குக் கூட்டிப் போக வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும். தாலி ஏறும் வரை அவன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எந்தப் படத்தை எடுத்தாலும் அதில் தோழன் இருப்பான். 'இந்தப் பொடியனை எங்கையோ கண்டிருக்கிறனே' என்று கமலராணி சொல்ல எவ்வளவு நேரமாகும்?

சற்று முன் வாசலில் நின்றபோது இதெல்லாம் அவளுக்கு எங்கே போயிற்று? வெட்கம் வந்தால் புத்தி வெளியே போய்விடும் என்பது இதுதான் போலும்.

"ஆள் உயரமோ?" என்றாள் கமலராணி.

"ஓம். உயரம்."

"படம் ஒண்டு காட்டுங்கோவன். நான் இன்னும் பாக்கேல்லை. நிச்சயத்துக்கும் வேலை எண்டு வரேல்லையே."

"போனிலை சார்ஜ் இல்லை" என்றாள் கோசலை.

அந்தப் போன் அவளுடைய மடியிலேயே மினுங்கிக்கொண்டிருந்தது. பூபாலசிங்கம் வேட்டியை மடிக்கத் தொடங்கினார். மடித்ததையே பிரித்துத் திரும்பவும் மடித்தார்.

*

மிருணாளினி வந்தபோது கூறை முடிவாகியிருந்தது. மாமியிடம் சிரித்துக் கதைத்தாள், சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தாள், நல்லாயிருக்கு மாமி என்றாள். பிறகு, "அம்மா, இந்தச் சட்டை அளவை ஒருக்கா வந்து பாருங்கோ" என்று தாயைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

அங்கே போனதும் சிரிப்பு போய்விட்டது. தன் போனை நீட்டினாள்.

யாரோ தெருவில் எடுத்த வீடியோ. 'லாச்சப்பலில் அமெரிக்க ரதம்' என்று மேலே எழுதியிருந்தது. கார், மாலை, சனத்தின் சிரிப்பு. அதற்கு நடுவே கோசலையின் குரல், பட்டுப் போலத் தெளிவாக. தம்பி, கொஞ்சம் வழி விடுங்கோ.

"செ தூவா, மமோன்?" என்று மிருணாளினி தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் கேட்டாள். பிறகு தமிழிலும் கேட்டாள். "இது நீங்கள்தானே?"

கோசலை போனை மெல்ல ஒதுக்கினாள்.

"அவன் உங்களை அன்ரி எண்டுறான். கேட்டனீங்களோ?"

"மாமி பக்கத்திலை நிண்டவ, பிள்ளை. உனக்காகத்தான்..."

"எனக்காக எண்டு சொல்லாதேங்கோ." மிருணாளினியின் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "நான் கேட்டனானோ? ஒண்டில் நீங்கள் மாமியிட்டைச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன். இண்டைக்கே."

"முதல் அவனைக் கண்டு கதைச்சிட்டு வாறன்" என்றாள் கோசலை. "அதுக்குப் பிறகு நானே சொல்லுறன்."

மகள் தலையாட்டினாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை.

தோழனுக்கு எடுத்த வேட்டி சால்வைப் பொதியைக் கமலராணி தானே கொண்டுவந்து கோசலையின் கையில் வைத்தாள். "மகனிட்டைக் குடுங்கோ. நான் தந்தது எண்டு சொல்லுங்கோ."

*

கார் து நோர் என்கிற ரயில் நிலையத்தில் டி தடத்து ரயில் ஏறி, வில்லியே லே பெல்லில் இறங்கி, வாடகைக் கார் பிடித்துக் கராஜ் வாசலில் போய் இறங்கினாள். வழி முழுக்க ஒரு வசனத்தைத் தயார் பண்ணிக்கொண்டு போனாள். 'தம்பி, அம்மா செய்தது பிழை.' சின்ன வசனம்தான். மனதுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள்.

வாசலில் நின்ற செம்பட்டைத் தாடிக்காரன் அவள் பெயரைச் சொன்னதும் கைகளைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். அவன்தான் அலெக்சிஸ். பிரசாந்தன் எப்போதும் உங்கள் சமையலைப் பற்றித்தான் சொல்வான் மதாம், என்று பிரெஞ்சில் அடுக்கினான். காலையில் நடந்தது அவனுக்குத் தெரியாது. மகன் அதைச் சொல்லவில்லை. அது அவளை இன்னும் குறுக வைத்தது.

உள்ளே பொன்ரியாக் கட்டையில் ஏறி நின்றது. மாலை இன்னும் வாடவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து, இடுப்பு வரை உடம்பை உள்ளே விட்டபடி பிரசாந்தன் நின்றான்.

"தம்பி."

நிமிர்ந்தான். "அம்மா" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி. "சாப்பிட்டியளோ?"

அந்தக் கேள்வியில் அவள் தயார் பண்ணிய வசனம் தொலைந்து போயிற்று.

"கூறை எடுத்தாச்சோ? என்ன நிறம்?"

"சிவப்பு" என்றாள். "இல்லை, அரக்கு. என்னவோ ஒரு நிறம்."

அவன் சிரித்தான். "இஞ்சை வாங்கோ, ஒண்டு காட்டுறன்."

நீளமான இரும்புத் தண்டு ஒன்றை எஞ்சினின் கீழே எங்கேயோ பொருத்தி, முழுப் பலத்தையும் போட்டு இழுத்தான். உள்ளே எதுவோ முனகியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, எஞ்சின் முகப்பில் இருந்த இரும்புச் சக்கரம் ஒன்று சுற்றியது.

"கண்டியளோ? எத்தினை வருசமா இறுகிக் கிடந்தது. காஸிலை கிடக்கேக்கையே கிழமைக்குக் கிழமை போய் எண்ணெய் ஊத்தி ஊற விட்டனான். இண்டைக்குத்தான் அசையுது." நெற்றியைப் புறங்கையால் துடைத்தான். "இனித்தான் வேலை கிடக்கு. அடித்தகடு முழுக்கக் கறள் திண்டு போட்டுது, வெட்டி எடுத்துப் புதுசு ஒட்ட வேணும்."

அவனுடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கந்தோருக்குப் போன காலத்தில் அவள் அதைக் கண்டதே இல்லை.

"ஏன்ரா உனக்கு இந்த வேலை?" சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"முதல் கண்ட நேரம், திங்கக்கிழமை நசிக்கப் போறம் எண்டவங்கள் அம்மா. திறந்து பாத்தால் எஞ்சின் முழுசாக் கிடக்குது. கறள் எல்லாம் மேலைதான். பாத்துக்கொண்டு நிக்க ஏலாமல் போச்சு."

அவ்வளவுதான். அவனிடம் வேறு பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை. இறுகிக் கிடந்த இரும்பை விட்டுவிட மனம் வராத பிள்ளையை, காலையில் அவள் ஒரே சொல்லில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"தம்பி, காலமை..." என்று தொடங்கினாள்.

"விடுங்கோ அம்மா." அவன் துணியால் கையைத் துடைக்கத் தொடங்கினான். "மாமி நிப்பா எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் அந்தத் தெருவாலை வந்திருக்க மாட்டன். என்னிலையும் பிழைதான்."

இல்லை, உன்னில் பிழை இல்லை என்று அவள் உடனே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் போன் அடித்தது. மிருணாளினியின் குரல், பின்னணியில் வாகனச் சத்தம்; வழியில் பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் தனியே இறங்கி நின்று கதைத்தாள்.

"அம்மா, நிஷாந்தன்ரை காரிலை மாமியும் நானும் அங்கைதான் வந்துகொண்டிருக்கிறம். தோழனைப் பாக்க வேணும் எண்டு மாமிதான் கேட்டவ. நான் ஒண்டும் சொல்லேல்லை. வந்து சேர்றதுக்குள்ளை நீங்கள் அவனோடை கதைச்சு முடியுங்கோ."

கோசலை போனைக் கீழே இறக்கினாள். குரல் வெளியே கேட்டிருந்தது. பிரசாந்தன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

பிறகு, மற்றவர்களின் வீட்டு விஷயம் மாதிரி, நிதானமாகச் சொன்னான்.

"பெரியப்பான்ரை மகன் அருள்நேசனைத் தோழனா நிப்பாட்டுங்கோ. அவன் பாங்கிலை வேலை. ஆளும் வடிவு. எனக்கு வெளிநாட்டிலை வேலை கிடைச்சிட்டுது எண்டு சொல்லலாம். கலியாணத்துக்கு நான் வரேல்லை. பிறகு ஒருநாள் மெதுவாச் சொல்லுவம்."

"தம்பி..."

"அக்கா சந்தோசமா இருக்க வேணும். அதுதானே முக்கியம்."

அந்தக் கணத்தில் கோசலைக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. வழி ஒன்று கிடைத்துவிட்டதே என்று மனம் ஆறியது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிற்று, முகம் தளர்ந்தது, ஒரு பெருமூச்சும் வந்தது. கண் மூடித் திறக்கிற நேரம்தான். அதற்குள் பிரசாந்தன் அதைப் பார்த்துவிட்டான்.

அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

இதுவரை கலங்காத அவன் முகம் அப்போதுதான் கலங்கியது. அவன் அதைச் சொன்னது, வேண்டாம் என்று அவள் மறுப்பாள் என்ற நம்பிக்கையில்தான்.

"சரி அம்மா" என்றான். கராஜ் உடுப்பைக் கழற்றி ஆணியில் கொழுவினான். பின்பக்கம் இருந்த சின்னக் கதவைத் திறந்தான். சாத்தும்போது சத்தம் வராமல் சாத்தினான்.

நில் என்று கூப்பிடக் கோசலை வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் முன்வாசலில் கார் வந்து நின்றது.

*

நிஷாந்தன் வெளியே காரிலேயே இருக்க, மிருணாளினிக்கு முன்னால் கமலராணி உள்ளே வந்தாள். அலெக்சிஸுக்குப் பொன்ழூர் என்று வணக்கம் சொன்னாள். மாலையோடு நின்ற காரைக் கண்டதும் நடை நின்றது.

"இது காலமை கண்ட கார்."

"ஓம்" என்றாள் கோசலை.

மிருணாளினி சுற்றிப் பார்த்தாள். "தம்பி எங்கை?"

கோசலை வேட்டிப் பொதியை நெஞ்சோடு பிடித்திருந்தாள். இன்னும் ஒரு பொய்க்கு இடம் இருந்தது. வேலை விஷயமாகப் போய்விட்டான் என்று ஒரு சொல் போதும். அது நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. ஆனால் அந்தச் சின்னக் கதவைப் பார்த்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"கமலராணி, காலமை புடவைக் கடை வாசலிலை நிண்ட பொடியன்தான் என்ரை மகன்" என்றாள். "இந்தக் காரும் அவன்ரைதான். கந்தோர் வேலையை அவன் எப்பவோ விட்டிட்டான். இஞ்சைதான் வேலை செய்யிறான்."

கமலராணிக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை.

"அப்ப ஏன் அந்தப் பிள்ளை உங்களை அன்ரி எண்டவன்?"

"நான் முதல் அவனைத் தெரியாத மாதிரிக் கதைச்சனான். அதாலை." என்றாள் கோசலை. "எனக்கு வெக்கமா இருந்தது."

"பெத்த பிள்ளையைப் பாத்தோ?"

"ஓம்."

மிருணாளினி தலையைக் குனிந்துகொண்டாள். தாய்க்காக மகள் வெட்கப்படுவதைக் கோசலை முதன்முறையாகக் கண்டாள்.

கமலராணி காருக்குக் கிட்டப் போனாள். அதன் நெற்றியில் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கோசலைக்குத் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும்.

"கராஜ் வேலை எண்டு நீங்கள் சொல்லியிருந்தால் நான் ஒண்டும் நினைச்சிருக்க மாட்டன். என்ரை மனுசன் கடைசி வரைக்கும் கோப்பை கழுவினவர்" என்றாள் மெதுவாக. "எனக்கு இப்ப பயம் வேறை. நாளைக்கு என்ரை மகனுக்கு வேலை போனால், ஒரு வருத்தம் துன்பம் வந்தால், உங்கடை வீட்டிலை அவன் ஆர்?"

"மாமி..." என்றாள் மிருணாளினி.

"உன்னிலை எனக்கு ஒண்டும் இல்லை பிள்ளை. ஆனால் எனக்கு யோசிக்க வேணும். நாளைக்கு உங்கடை வீட்டை வாறதா இருந்தம், நாங்கள் வரேல்லை."

அவள் வெளியே போனாள். மிருணாளினி பின்னாலேயே ஓடினாள்.

எந்தச் சம்மந்தத்தைக் காப்பாற்றுவதற்காகக் கோசலை பிள்ளையைத் தெரியாது என்றாளோ, அந்தச் சம்மந்தம் அந்த வார்த்தையாலேயே ஆடிப்போய் நின்றது. அலெக்சிஸ் ஒன்றும் விளங்காமல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். அவள் அதில் இருக்கவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடினாள்.

நீளமான தெரு. இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள். தெருவின் இந்த முனையில் ஒரு பஸ் தரிப்பு, அந்த முனையில் இன்னொரு பஸ் தரிப்பு. இரண்டிலும் ஆட்கள் நின்றார்கள், இங்கிருந்து முகம் தெரியவில்லை.

கோசலை நடுத்தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். மகன் இந்த இடத்துக்கு எந்த பஸ்ஸில் வந்து போகிறான் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.